கிலோமீட்டர் 265

படத்தில் ஒரு ஆள் காரில் சாய்ந்து நிற்கிறார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் சிகரெட். அவருக்குப் பின்னால் ரோடு ஒரு மலைமடிப்பைச் சுற்றித் திரும்பி மறைகிறது. ரோட்டோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக்கல். அதில் 265 என்ற எண் சுத்தமாகத் தெரிகிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க இதைவிட வேறென்ன வேணும் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அந்த எண்ணை நம்பியே ஆறு வாரம் தப்பான ஊரில் அலைந்தேன்.

முதலில் படம் எப்படி என்னிடம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி, நான் பழைய படங்களை வைத்து இடம் கண்டுபிடித்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் ஒரு ஷூ டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே 64 கோடாக்ரோம் ஸ்லைடுகள். அவருடைய தாத்தா 1955 கோடையில் ஒரு நண்பரோடு டெக்சாஸின் லாரெடோவிலிருந்து மெக்சிகோ சிட்டிக்குக் காரில் போனபோது எடுத்தவை. டப்பாவின் மூடியில் பென்சிலால் 'மெக்சிகோ' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஊர் இல்லை, தேதி இல்லை. டப்பா எப்போதோ கீழே விழுந்து வரிசையும் குலைந்துபோயிருக்கிறது. வருஷம் மட்டும் எப்படித் தெரியும் என்றால், தோழியின் அம்மா பிறந்ததற்கு அடுத்த வருஷம் அது.

அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா இறந்துவிட்டார். இப்போது அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "வர்ற ஏப்ரல்ல அம்மாவைக் கூட்டிட்டு மெக்சிகோ போறேன். தாத்தா நின்ன இடம் ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும். அங்க போய் நிக்கணும்ங்கறாங்க" என்றார் தோழி. அதோடு விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது.

தெருப்படத்தைக் காட்டி 'இது எங்கே?' என்று கேட்கும் ஜியோகெஸ்ஸர் விளையாட்டு 2013இல் வந்தது. அதை ஆடுபவர்களிடம் மெக்சிகோவுக்கென்று ஒரு தனி வாய்ப்பாடே இருக்கிறது. நெடுஞ்சாலை எண் ஒற்றைப்படை என்றால் ரோடு பொதுவாக வடக்கு-தெற்கு. இரட்டைப்படை என்றால் கிழக்கு-மேற்கு. எண்ணுக்குப் பின்னால் 'டி' எழுத்து இருந்தால் சுங்கச் சாலை. கார் நம்பர் பிளேட்டின் எழுத்துகள் மாநிலப் பெயர்களின் அகரவரிசைப்படி பங்கிடப்பட்டவை. 'ஏ'யில் தொடங்கினால் அகுவாஸ்காலியன்டெஸ் ஆக இருக்கலாம், 'இசட்' என்றால் சகாடெகாஸ் பக்கம். கைதூக்கி நிற்கும் மனிதன் மாதிரி சகுவாரோ கள்ளி தெரிந்தால் சொனோரா. தலைகீழாக நட்ட கேரட் மாதிரி சிரியோ மரம் தெரிந்தால் அநேகமாகப் பாஹா கலிஃபோர்னியா. நீலச்சாம்பல் நிறத்தில் கத்தாழை வரிசை வரிசையாக நின்றால் டெக்கீலா ஊரைச் சுற்றிய ஹாலிஸ்கோ மாநிலம்.

(கத்தாழை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் ஊரில் ரயில் பாதையோரம் வேலியாக நிற்குமே ஆனைக்கத்தாழை, அதுவும் மெக்சிகோ பக்கத்துச் சரக்குதான். சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஸ்லைடுகளில் அவற்றைப் பார்த்தபோது முதலில் தோன்றியது 'அட, நம்மூரு!' என்பதுதான். இடம் கண்டுபிடிக்கிறவனுக்கு வரவே கூடாத எண்ணம்.)

இந்த வாய்ப்பாட்டில் முக்கால்வாசி 1955க்கு உதவாது. இன்றைய பிளேட் ஒதுக்கீடு அப்போது கிடையாது. சுங்கச் சாலைகள் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன. அதனால் ரோட்டின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

1920கள் வரை மெக்சிகோவுக்குப் போகும் வெளிநாட்டுப் பயணி ரயிலில்தான் போவார். வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1880களில் எடுத்த மெக்சிகோ படங்கள்கூட ரயில் கம்பெனிக்காக எடுத்தவைதான். கேமரா எங்கே நின்றது என்பதைத் தண்டவாளம் தீர்மானித்தது. 1925இல் காயெஸ் ஜனாதிபதியாக இருந்தபோது தேசியச் சாலை ஆணையம் அமைந்தது. பெட்ரோல்மீது வரி போட்டு அந்தப் பணத்தில் ரோடு போட ஆரம்பித்தார்கள். எல்லையிலுள்ள நுவேவோ லாரெடோவிலிருந்து தலைநகர் வரையிலான சாலை 1936இல் திறந்தது. பான் அமெரிக்க நெடுஞ்சாலையின் மெக்சிகோப் பகுதியில் முதலில் முடிந்த பெரிய துண்டு அதுதான். 1,200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மான்டெர்ரே, லினாரெஸ், சியுதாத் விக்டோரியா, மான்டே, வாயெஸ் என்று தாழ்வான நிலத்திலேயே வந்து, டமாசுன்சாலே என்ற ஊரில் மலையடிவாரத்தைத் தொடும். அங்கிருந்து ஹகாலா, சிமாபான் வழியாக 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப் பீடபூமிக்குப் போகும். டமாசுன்சாலே என்ற பெயர் அமெரிக்கர்கள் வாயில் நுழையவில்லை. 'தாமஸ் அண்ட் சார்லி' என்று வைத்துக்கொண்டார்கள்!

தோழியின் தாத்தா போனது இந்த வழியில்தான். பிறகு சல்தீயோ, சான் லூயிஸ் பொடோசி வழியான 57ஆம் எண் சாலை வந்ததும் லாரிகளும் சுற்றுலாக்காரர்களும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மலைவழி ஆளில்லாமல் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் என்னைப்போலப் பழைய படத்தை வைத்துத் தேடுபவனுக்கு லாபம், ஏனென்றால் பல வளைவுகள் எழுபது வருஷத்துக்கு முன்பு இருந்த மாதிரியே கிடக்கின்றன.

64இல் சில படங்கள் அன்றைக்கே விடை சொல்லிவிட்டன. ஒன்றில் கடக ரேகையின் அடையாளக்கல். இந்த வழியில் சியுதாத் விக்டோரியாவுக்குத் தெற்கே ரேகை ரோட்டை வெட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், பூமியின் அச்சுச் சாய்வு மெதுவாக மாறிக்கொண்டே இருப்பதால் கடக ரேகை வருஷத்துக்குச் சுமார் 15 மீட்டர் தெற்கே நகர்கிறது. அந்தப் படம் எடுத்த பிறகு ஒரு கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. கல் அங்கேயே நிற்கிறது, ரேகைதான் போய்விட்டது. நிழலை வைத்துத் திசை பார்க்கும் பழக்கமும் இந்த ரேகையைத் தாண்டியதும் காலை வாரிவிடும். ரேகைக்குத் தெற்கே ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். வடக்கத்திய நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளை நம்பியிருந்தால் படத்தைத் தலைகீழாகத்தான் படித்திருப்பேன். மே மாத நடுப்பகலில் சென்னையில் நின்றவனுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும்.

இன்னும் சில படங்களுக்கு உதவியவை பழைய தபால் அட்டைகள். 'மெக்சிகோ ஃபோட்டோகிராஃபிகோ' என்ற கம்பெனி 1925இல் தொடங்கியது. அதன் ஆட்கள் ஊர் ஊராகப் போய் படமெடுத்து அட்டையாகப் போட்டார்கள். நெகட்டிவ்மேலேயே கையால் ஊர்ப் பெயரை எழுதுவார்கள். அச்சாகும்போது அது வெள்ளை எழுத்தாக வரும். பக்கத்தில் மாநிலத்தின் சுருக்கமும் இருக்கும். சின்னச் சின்ன ஊர்களின் சதுக்கத்தையும் கோயிலையும்கூட விடவில்லை. ஸ்லைடில் இருக்கும் கோபுரத்தை அட்டையில் இருக்கும் கோபுரத்தோடு வைத்துப் பார்த்து ஐந்தாறு ஊர்களைத் தேற்றிவிட்டேன். ஒன்றில் பெட்ரோல் பங்க், மேலே பெமெக்ஸ் பலகை. கார்டெனாஸ் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது 1938 மார்ச்சில், பெமெக்ஸ் பிறந்தது அதே ஜூனில். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட எண்பது வருஷம் நாடு முழுக்க ஒரே பெயர்ப் பலகை. ஆகவே, காலம் பார்க்கலாம். இடம் பார்க்க உதவாது.

ஆனால் இவை எதிலும் தாத்தா இல்லை. ஸ்லைடுகள் பெரும்பாலும் அவர் எடுத்தவை. அவர் தெரிவது இரண்டில்தான். ஒன்று அந்த 265. இன்னொன்று, இரண்டு பனிமலைகளுக்கு முன்னால் நிற்பது.

265க்கு நேராக இன்றைய வரைபடத்துக்குப் போனேன். இந்த வழி இப்போது 85ஆம் எண் சாலை. சியுதாத் விக்டோரியாவிலிருந்து மான்டெர்ரே போகும் பகுதியில் கிலோமீட்டர் கல், விக்டோரியாவைப் பூஜ்யமாக வைத்து எண்ணப்படுகிறது. லினாரெஸ் 155ஐ ஒட்டி வரும். 265 என்றால் மான்டெர்ரே நகரத்தின் தெற்கு விளிம்பு. பக்கத்திலேயே சியர்ரா மாத்ரே மலை. சரிதானே? தெருப்படத்தில் மேலும் கீழும் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் கார் ஷோரூம், பள்ளிக்கூடம், அடுக்குமாடி. நகரம் வளர்ந்து விழுங்கிவிட்டது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அங்கேதான் என் புத்தி வழுக்கியது. படத்தில் ரோடு கிடுகிடு பள்ளத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மான்டெர்ரேக்குத் தெற்கே ரோடு போவது அகலமான பள்ளத்தாக்கின் தரையில். படத்தில் பைன் மரங்கள் இருக்கின்றன. அங்கே ரோட்டோரத்தில் அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பகுதியில் எங்கே நின்றாலும் குதிரைச் சேணம் மாதிரி செர்ரோ தெ லா சியா மலை கண்ணில் இடிக்கும். படத்தில் அது கிடையாது. 'கேமரா வேறு பக்கம் திரும்பியிருக்கும்', 'ரோட்டை அகலப்படுத்தும்போது பள்ளத்தை மூடியிருப்பார்கள்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு கண்டுபிடித்தேன். ஏனென்றால் எண் இருக்கிறதே! மரமும் மலையும் சொல்வதைவிட எண் சொல்வது எப்படித் தப்பாகும்?

முடிச்சை அவிழ்த்தது ஒரு சாதாரண விஷயம். அந்தத் தெற்கு விளிம்பில் இருக்கும் கடைகளின் முகவரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலருடைய முகவரி 'கர்ரெதேரா நாசியோனால், கி.மீ. 265' என்கிற மாதிரி இருக்கிறது. அதே ரோட்டில் வேறு சிலர் 980ஐ ஒட்டிய எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஒரே ரோடு, ஒரே இடம், 700 கிலோமீட்டர் வித்தியாசம். முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். ஒருத்தர் இருவரிடம் என்றால் பரவாயில்லை, இத்தனை பேருக்குமா?

அப்புறம்தான் உறைத்தது. பழைய சாலையில் மெக்சிகோ சிட்டியிலிருந்து மான்டெர்ரே போகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1936இல் ரோடு திறந்தபோது பூஜ்யம் தலைநகரில் இருந்தது. எல்லை வரைக்கும் ஒரே ரோடு, ஒரே எண்ணிக்கை. பின்னாளில் சாலைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொடக்க ஊரைக் கொடுத்து, கல்லை மறுபடி நட்டார்கள். அரசாங்கம் எண்ணை மாற்றினாலும் ஜனங்கள் முகவரியை மாற்றவில்லை. தலைநகரிலிருந்து எண்ணிய அந்தப் பழைய கணக்கு கடைப் பலகைகளிலும் பில் புத்தகங்களிலும் உயிரோடு இருக்கிறது. நான் 1955ஆம் வருஷத்துக் கல்லை இன்றைய பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

தலைநகரிலிருந்து எண்ணினால் 265 எங்கே வரும்? சிமாபான் சுமார் 205, ஹகாலா சுமார் 278. இரண்டுக்கும் நடுவில், ஹகாலாவுக்குக் கொஞ்சம் தெற்கே. ஹிதால்கோ மாநிலம், சியர்ராவின் முகடு, பைன் காடு, ஓரத்தில் பள்ளம். அந்த ரோடு கடந்து போவது லோஸ் மார்மோலெஸ் தேசியப் பூங்காவை. அதை அறிவித்ததும் 1936இல்தான், சாலை திறந்த அதே வருஷம். மரங்கள் முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

சரி, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்தாயிற்று. அந்தத் தூரத்தில் வளைவு ஒன்றா, நூறு இருக்கும். தாத்தா நின்ற வளைவு எது? இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. படத்தில் கிட்டத்தில் இருக்கும் ஒரு முனையும் தூரத்தில் இருக்கும் ஒரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடத்தைத் தேடவேண்டும். அப்படி விழுந்தால், கேமராவும் அந்த இரண்டு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன என்று அர்த்தம். வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போடு. படத்தின் இன்னொரு ஓரத்தில் இதே மாதிரி இன்னொரு ஜோடி கிடைத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் கேமரா. ஹேஸ்டிங்ஸ், டர்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அரிசோனா-சொனோரா பாலைவனத்தின் பழைய படங்களை எடுத்துக்கொண்டு, அதே இடங்களில் போய் நின்று மறுபடி படமெடுத்து, செடிகொடிகள் எப்படி மாறின என்று 1965இல் ஒரு புத்தகமே போட்டார்கள். அந்த மாதிரி வேலையில் கேமரா பத்தடி தள்ளி நின்றாலும் கிட்டத்துப் பாறை தூரத்து மலையை விட்டு விலகிவிடும். அந்த விலகல்தான் நமக்கு அளவுகோல்.

எனக்குக் கிடைத்தது ஒன்றரை ஜோடி என்று சொல்லலாம். இடப்பக்கம் ஒரு பாறைமூக்கு தூரத்து முகட்டின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் மரம் மறைக்கிறது. கூகுள் எர்த்தில் ரோட்டின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மூன்று ராத்திரி பார்த்தேன். கடைசியில் இரண்டு வளைவுகள் மிஞ்சின. இரண்டுக்கும் இடையில் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. இரண்டையும் குறித்துத் தோழியிடம் கொடுத்தேன்.

மீதி இருந்தது அந்தப் பனிமலைப் படம். மலைகள் யாரென்பதில் சந்தேகமே இல்லை. படுத்திருக்கும் பெண் மாதிரி நீளமாக இருப்பது இஸ்தாக்சிவாட்ல். கூம்பாக நிற்பது போப்போகாதெபெட்ல். இஸ்தா வடக்கே, போப்போ தெற்கே. ஆகவே மேற்கே தலைநகர்ப் பக்கமிருந்து பார்த்தால் இஸ்தா இடது, போப்போ வலது. கிழக்கே புவெப்லா பக்கமிருந்து பார்த்தால் மாறிவிடும். ஸ்லைடில் போப்போ இடதுபக்கம். அப்படியானால் புவெப்லா. தாத்தா தலைநகரோடு நிற்காமல் இன்னும் கிழக்கே போயிருக்கிறார் என்று தோழிக்கு எழுதிக்கூட விட்டேன்.

265 தந்த பாடத்தில்தான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை மலையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். அதே வெள்ளைச் சட்டை, மார்பில் ஒரு பை. 265இல் அந்தப் பை அவருடைய இடது மார்பில் இருக்கிறது, எல்லா ஆண் சட்டையிலும் இருக்கிற மாதிரி. மலைப் படத்தில் வலது மார்பில். ஸ்கேன் செய்தவர்கள் ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்! படத்தில் எழுத்து எதுவும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஃபிலிமின் பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால்தான் படம் நேராகத் தெரியும். மங்கலான பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடிப் பிம்பம். தோழி அசல் ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். ஆமாம், திரும்பித்தான் இருக்கிறது. ஆக, அவர் நின்றது மேற்குப் பக்கம், அமெகாமெகா ஊரை ஒட்டிய சமவெளி. புவெப்லாவுக்கு அவர் போனாரா என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்தப் படத்தை அப்படியே மறுபடி எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவைத்தேன். போப்போ 1994 டிசம்பரில் விழித்துக்கொண்டது, அப்போதிலிருந்து புகைந்துகொண்டேயிருக்கிறது. இஸ்தாவின் அயோலோகோ பனியாறு முடிந்துபோனதை அறிவித்து 2021இல் மலைமேல் பலகையே பதித்துவிட்டார்கள். ஸ்லைடில் வெள்ளையாக இருக்கும் பல இடங்கள் இப்போது வெறும் பாறை.

ஏப்ரலில் போனார்கள். அமெகாமெகாவில் இரண்டு நாளும் மேகம் மூடி, மலையே தெரியவில்லையாம். ஹகாலாவுக்கு முன்னால் முதல் வளைவில் இறங்கிப் பார்த்தார்கள், பாறைமூக்கு பொருந்தவில்லை. இரண்டாவதில் பொருந்தியது. தோழி அனுப்பிய படத்தில் பாறைமூக்கு அதே முகட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பைன்கள் வளர்ந்து பாதிப் பள்ளத்தை மறைக்கின்றன. கல் இல்லை. கல் இருந்த இடத்தில் அம்மா ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வழியில் வாங்கிய தமாலேவைத் தின்றுகொண்டிருக்கிறார். படம் எடுக்கிறாள் மகள் என்ற நினைப்பே அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்லைடுகளில் இன்னும் பதினோரு படத்துக்கு இடம் தெரியவில்லை. அதில் ஒன்றில் தாத்தாவின் நிழல் மட்டும் ரோட்டில் குட்டையாக விழுந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு நாய். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.